தறியும் கூட்டமும்

சப்பிரகமுவ மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதி தேயிலைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. மாணிக்கக் கல்லுக்கும் பெயர்பெற்றது. குழி தோண்டி, சரளை மண்ணை அள்ளிக் கூடையிலிட்டு, நீரில் அரித்துக் கல் தேடுவது அங்கு நெடுநாளைய தொழில். அவ்வாறு கிடைத்த கரிய, எடை மிகுந்த சிறு கல்லொன்று 1904ஆம் ஆண்டில் அறிவியலாரின் கவனத்தைக் கவர்ந்தது. இலண்டனிலே ஆராய்ந்து பார்த்தபோது அது அதுவரை எவரும் அறியாத கனிப்பொருள் எனத் தெரிந்தது. தோரியனைற்று என அதற்குப் பெயரிட்டனர். அதைக் கண்டெடுத்து அனுப்பியவர் இலங்கைக் கனிப்பொருளாய்வின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர்; அப்போது முப்பது வயதும் நிரம்பாதவர்.

கல்லைத் தேடி நாடெங்கும் அலைந்தவரின் கண்ணிலே தறி பட்டது. கல்லை விடத் தறியே அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. அவருடன் அவர் மனைவி எதெல் அம்மையாரும் ஊரூராகச் சென்றார். இங்கிலாந்தின் டெவன் பகுதியிற் பிறந்த அவ்வம்மையார் கையிலே ஒளிப்படப் பெட்டி வைத்திருந்தார். கண்டவற்றைக் குறிப்பெடுத்தும் வந்தார். கண்டி நாட்டிலே உடதும்பறையைச் சேர்ந்த தலகுனை என்னும் ஊரிற் பருத்தித் துணி நெய்யும் குடியினர் அக்காலத்தும் எஞ்சியிருந்தனர். நிலத்திலே குழி வெட்டி, அதனுட் காலை இறக்கி அமர்ந்து நெய்யும் குழித்தறியே அவர்களது தறி. தமிழ்நாட்டு நெசவாளர் எவரும் பார்த்த மாத்திரத்தில் அதைத் தம் தறிக்கு உறவென்று அறிந்துகொள்வர். முன்னாளிலே சேனை நிலங்களிற் பருத்தி பயிரிட்டு, வீட்டுப் பெண்கள் நூல் நூற்று, அந்நூலை நெசவாளரிடம் கொடுத்துத் துணியாக்கிப் பெறுவது கண்டி நாட்டு வழக்கமாயிருந்தது.

நெசவு ஏன் அருகிப் போயிற்று என்ற வினாவுக்கு மான்செஸ்டர் ஆலைத் துணி என்று விடை கூறுவது எளிது. அவ்விடை பொய்யன்று, ஆனால் முழுமையானதுமன்று. கண்டியரசர் காலத்திலே கைவினைஞர் ஒவ்வொருவரின் பின்னும் ஓர் அமைப்பு நின்றது. நெசவாளர்க்கும் கம்மியர்க்கும் குயவர்க்கும் நிலம் உண்டு. அந்நிலத்துக்கு ஈடாக அரண்மனைக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ தத்தம் தொழிலைச் செய்து கொடுத்தல் வேண்டும். இராசகாரியம் எனப்பட்ட அம்முறையை ஆங்கில ஆட்சி 1832ஆம் ஆண்டில் நீக்கிற்று. விகாரை நிலங்களில் அது பின்னரும் நிலைத்தது. கட்டாய ஊழியத்தை ஒழித்ததை எவரும் குறை கூறார். ஆயினும் ஊழியம் போனபோது, கைவினைஞர்க்குச் சோறிட்ட பிணைப்பும் உடன் போயிற்று. அதற்கீடாக வேறொன்றும் வரவில்லை. தனித்து விடப்பட்ட நெசவாளர் ஆலைத் துணியின் முன் நிற்க இயலாதவரானார்.

இவற்றையெல்லாம் தொகுத்துக் குமாரசுவாமி எழுதிய பெருநூல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்பது. 1908ஆம் ஆண்டில் 425 படிகளே அச்சாயின. அது அச்சான இடமும் கருதத்தக்கது. இங்கிலாந்தின் கிழக்கு இலண்டனிலே ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞர் கைவினைஞர் கழகம் ஒன்றை நிறுவி, 1902இல் அதைச் சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூருக்குக் கொண்டு சென்றார். பொற்கொல்லர், தச்சர், அச்சுத் தொழிலாளர் எனப் பலர் தம் குடும்பத்தோடு அங்கே குடியேறினர். எதெல் அம்மையாரின் உடன்பிறந்தாரும் அவருள் ஒருவர். அக்கழகத்தாரின் அச்சகத்தைக் கொண்டே குமாரசுவாமி தம் நூலை அச்சிட்டார். நூல் வெளிவந்த அவ்வேளையிலேயே கழகம் நொடித்துப் போயிற்று. நல்ல பொருளைச் செய்யும் வல்லமை அவர்க்கு இருந்தது. அதனை மலிவாக விற்கும் போட்டியில் அவர் தோற்றனர். அரசனுடைய நிலத்தைப் பற்றி நின்ற கண்டிக் கைவினைஞர் ஒரு வகையாலும், சந்தையை நம்பி நின்ற ஆங்கிலக் கைவினைஞர் மற்றொரு வகையாலும் வீழ்ந்தனர் எனலாம்.

எதெல் அம்மையாரும் குமாரசுவாமியும் பின்னர்ப் பிரிந்தனர். அம்மையார் பிலிப் மைரே என்பவரை மணந்து எதெல் மைரே ஆனார். இலங்கையிற் கண்ட தறி அவரை விடவில்லை போலும். நாற்பதை நெருங்கும் வயதிலே நூற்கவும் சாயமிடவும் நெய்யவும் தாமே கற்றுக்கொண்டார். 1916இல் தாவரச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் வெளிவந்தது. பின்பு சசெக்ஸ் பகுதியிலே டிச்சிலிங் என்னும் ஊரில் நெசவுக்கூடம் அமைத்தார். பல நாட்டு மாணவர் அங்கே வந்து பயின்றனர். 1937ஆம் ஆண்டில் கைத்தொழிலுக்கான அரச வடிவமைப்பாளர் என்னும் சிறப்பைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே.

அதே டிச்சிலிங்கில் எரிக் கில் முதலானோர் நிறுவிய புனித சூசையப்பர், புனித தொமினிக்கு கழகம் இருந்தது. சிற்பியரும் அச்சிடுவோரும் நெசவாளரும் அதில் உறுப்பினர். ஆனால் பெண்களுக்கு அங்கே இடமில்லை! ஊரிலே சிறந்த நெசவுக்கூடத்தை நடத்தியவர் ஒரு பெண். ஊர்க் கழகமோ ஆண்களுக்கே உரியது. 1970களிலேதான் அக்கதவு பெண்களுக்குத் திறந்தது. 1989இல் கழகமே கலைந்தது.

அதனினும் நீடித்து நின்றது வேறொரு கூட்டம். மைரே அம்மையாரிடம் பயின்ற எலிசபெத் பீக்கொக் அம்மையாரும் அவர் தோழியரும் 1931ஆம் ஆண்டில் நெசவாளர், நூற்போர், சாயமிடுவோர் கழகத்தை நிறுவினர். அதைப் பின்பற்றி ஊர்தோறும் கழகங்கள் எழுந்தன; 1955இல் அவை ஓர் ஒன்றியமாக இணைந்தன. இன்றும் அவை நடைபெறுகின்றன. அரசன் நிலமும் இல்லை. கடை வைத்து வாணிகம் நடத்தும் பொறுப்பும் இல்லை. உறுப்பினர் குறித்த நாளிலே ஒரு மண்டபத்திற் கூடுகின்றனர். ஒருவர் ஆட்டுரோமத்தைக் கொண்டுவந்து கழுவி வாரும் முறையைக் காட்டுவார். மற்றொருவர் தாம் நெய்த துணியின் துண்டையும், பாவுக்கும் ஊடைக்கும் எந்நூலை இட்டார் என்ற குறிப்பையும் பிறர்க்குக் கொடுப்பார். சாயம் பிழைத்துப் போனால், படிக்காரம் கூடிற்றா, குறைந்ததா என்று கூடி ஆராய்வர். புதிதாக வந்தவர்க்குத் தறியை இரவல் கொடுப்பர். கண்காட்சி வைக்கும்போது, நெய்ததெல்லாவற்றையும் வைத்துவிடாமல் தேர்ந்தே வைப்பர்; தேர்வில் விலக்கப்பட்டவர்க்கு மனக்குறை வருவதும், அடுத்த கூட்டத்தில் அது பேச்சாவதும் எந்நாட்டுச் சங்கத்துக்கும் இயல்பானவையே. ஆலைத் துணியை வெல்ல வேண்டும் என்ற எண்ணம் அவர்க்கு இல்லை. கையறிவு ஒருவரோடு மாய்ந்துபோகாமல் அடுத்தவர் கைக்கு மாற வேண்டும் என்பதே அவர் நாட்டம்.

கைவினைஞரும் வணிகரும் கழகமாய்க் கூடுதல் தமிழருக்குப் புதிதன்று. மதுரையை அடுத்த மாங்குளத்துப் பழந்தமிழ்க் கல்வெட்டு வெள்ளறை நிகமத்தாரைக் குறிக்கின்றது. நிகமம் என்பது வணிகர் கூட்டம். அழகர்மலைக் கல்வெட்டிலே அறுவை வணிகர், அதாவது துணி வாணிகர், காணப்படுகின்றார். அத்துணை பழைமையான மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத் துணி வந்தபோது தமிழ்நாட்டிலும் ஆட்டங்கண்டது. வேலையிழந்த நெசவாளருட் சிலர் கடல் கடந்து இலங்கைக்கும் மொரீசியசுத் தீவுக்கும் கூலிகளாய்ப் போயினர். நூலைப் பிரித்தறியும் விரல்கள் வந்தன, தறி வரவில்லை. தோட்டத்து லயத்திலே குழித்தறிக்கு இடமேது? மழையிலும் குளிரிலும் மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண் தலையிலே போர்த்த கம்பளியும் இந்தியாவில் நெய்து வந்ததே. அதையும் தோட்டம் கொடுத்து, விலையைக் கூலியிற் கழித்துக்கொண்டது. நெய்யும் குடியிற் பிறந்தவர்க்கும் துணி கணக்குப் புத்தகத்திலே கடனாய் நின்றது.

1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தார். தோட்டத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து காசு கொடுத்தனர். நூற்கவும் நெய்யவும் தமக்கு வாய்ப்பில்லாதார், கடலுக்கு அப்பாலுள்ள நூற்போருக்கும் நெசவாளருக்கும் கொடுத்த காசு அது. இதனை எண்ணிப் பார்ப்போர் தொகையை மட்டும் எண்ணார். 1935இல் தமிழ்நாட்டிலே கைத்தறி நெசவாளரின் தலைமைக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. இன்று கோ-ஆப்டெக்ஸ் எனப்படுவது அதுவே. நூலை வாங்கிக் கொடுத்தலும் துணியை விற்றுக் கொடுத்தலும் சங்கத்தின் பொறுப்பாயின. தறிகாரர் முதலாளியின் கைக்குள் முற்றும் அடங்காமலிருக்க ஒரு வழி பிறந்தது. அரசு மானியம், தேங்கிய சரக்கு, தேர்தற் பூசல் என அதற்கும் தொல்லைகள் உண்டு. ஆங்கிலக் கழகத்தார் ஓய்வு நேரத்திற் கூடுவோர். இச்சங்கத்தாரோ வயிற்றுக்காகக் கூடுவோர். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது.

இலங்கையில் தும்பறையின் தறிகளும் ஓயவில்லை. பருத்தித் துணியேயன்றி, மருள் நாரினால் நெய்யும் தும்பறைப் பாயும் அங்கே உண்டு. அதை நெய்வோர் கின்னர குலத்தார். முன்னாளிலே சமூகத்தின் கடைப்படியில் வைக்கப்பட்டவர். அவர்கள் நாருக்கு ஏற்றிய மஞ்சள் நிறம் மரமஞ்சட் கொடியிலிருந்து வந்தது. சிவப்புப் பதிமுகக் கட்டையிலிருந்து வந்தது. அம்மரமஞ்சள் சப்பிரகமுவவின் ஈரக்காடுகளிலும் படர்வது. காய்ச்சலுக்கு அதை அவித்துக் குடிக்கும் வழக்கமும் உண்டு. தும்பறைப் பாயின் கைவினையை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மானிட குலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இன்றும் சில குடும்பங்களே அதை நெய்கின்றன. தாய் நெய்யும்போது பிள்ளை அருகிலிருந்து நாரைச் சீவிக் கொடுக்கின்றது.