வயலில் இறங்கியவருக்கு வந்த காய்ச்சல்

ஐப்பசி பிறந்து மாரி மழை தொடங்கிவிட்டால், அக்கரைப்பற்றிலிருந்து சாகாமத்துக்குச் செல்லும் வீதி விடியுமுன்னரே விழித்துக்கொள்ளும். உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறியும், துவிச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் மண்வெட்டியையும் சோற்றுப் பொதியையும் கட்டிக்கொண்டும் கமக்காரர் வயலை நோக்கிச் செல்வர். வழியில் தேநீருக்காக நிற்கும் கடையின் சுவரிலே சுகாதாரப் பகுதியினரின் அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். ‘எலிக்காய்ச்சல்’ என்ற தலைப்பு மட்டும் தூரத்திலிருந்தே தெரியும். கீழேயுள்ள சிறிய எழுத்துக்களைப் படிக்க நேரமுள்ளவர் சிலரே. படித்தவர்களிலும், ‘விலங்குவழித் தொற்று’, ‘தோற்சிராய்ப்பு’, ‘சளிமென்சவ்வு’, ‘நோய்த்தடுப்புச் சிகிச்சை’ என்னும் சொற்களைக் கடந்து முடிவு வரை சென்றவர் அதனினும் சிலர்.

இத்தகைய அறிவித்தல்களில் உள்ளவை உண்மையே. ஆயினும் அவை வைத்தியர் வைத்தியருக்கு எழுதிய கடிதம்போல் அமைந்துவிடுகின்றன. அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பகுதி கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழ் அடங்குவது. அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, திருக்கோவில் முதலிய இடங்களிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஒவ்வொரு போகத்திலும் இந்நோய் பற்றிக் கமக்காரரை எச்சரித்து வருகின்றன. அந்த எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டதோ அவருடைய காதுக்குப் புரியும்படி அதை அவிழ்த்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் நோயின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். எலிக்காய்ச்சல் என்ற பெயர் வாயில் எளிதாக வருவது. பலரை ஏமாற்றுவதும் அதுவே. எலி கடித்தால் வரும் காய்ச்சல் என்று ஒருவர் எண்ணுகிறார். தம் வீட்டில் எலி இல்லையே என்று மற்றொருவர் ஆறுதலடைகிறார். இரண்டும் தவறு. இந்நோய்க்குக் காரணமான கிருமி, எலியின் சிறுநீரகத்தில் தங்கியிருந்து அதன் சிறுநீரோடு வெளியேறுகிறது. எலி மட்டுமன்று, மாடு, எருமை, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரிலும் அது வெளிவரக்கூடும். அந்தச் சிறுநீர் வயல்நீரிலும் சேற்றிலும் கலக்கிறது. வெயிலில் நன்கு உலர்ந்த மண்ணிலும் கடல்நீரிலும் இக்கிருமி நெடுநேரம் பிழைப்பதில்லை. ஈர மண்ணிலும் தேங்கிய நன்னீரிலுமோ வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே, எலியைக் கண்ணாற் காணாதவரையும் எலிக்காய்ச்சல் பிடிக்கலாம். வரம்போரத்தில் முழங்கால் அளவு சேற்றில் நிற்பது ஒன்றே அதற்குப் போதுமானது.

இந்தக் கிருமியை 1915ஆம் ஆண்டில் யப்பான் தேசத்து வைத்தியர்களான இனாதாவும் இதோவும் கண்டறிந்தனர். கியூஷூத் தீவிலே, நீர் கசியும் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தோரை வருத்திய காய்ச்சலை ஆராய்ந்தபோதே அது வெளிப்பட்டது. நிலத்தின் அடியில் கரி வெட்டியவருக்கும் நிலத்தின் மேல் நெல் விதைப்பவருக்கும் பொதுவாக உள்ளது நனைந்த கால்கள்தாம். இலங்கையில் இந்நோய் 1959ஆம் ஆண்டில் உறுதிசெய்யப்பட்டது. 2008ஆம் ஆண்டில் நாடெங்கும் 7000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

‘தோற்சிராய்ப்பு’ என்று அறிவித்தல் கூறுவது யாது? வரம்பு வெட்டும்போது மண்வெட்டி உரசிய இடம், நெல்லின் தாள் கீறிய கோடு, குதிக்காலில் உள்ள பித்தவெடிப்பு, விரலிடுக்கில் உள்ள சேற்றுப்புண் ஆகிய யாவும் தோற்சிராய்ப்பே. கமக்காரர் இவற்றைக் காயமென்று கணக்கிடுவதே இல்லை. நெடுநேரம் நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய தோலும் கிருமிக்கு வழிவிடும். ‘சளிமென்சவ்வு’ என்பது கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் உள்ளேயுள்ள ஈரமான மெல்லிய தோலாகும். அங்கே காயம் எதுவும் இல்லாமலே கிருமி நுழையும்.

‘முழங்கால்வரை பாதணியும் கையுறையும் அணிக’ என்ற அறிவுரையும் அறிவித்தலில் இருக்கும். வாய்க்காலோரத்தில் நிற்பவருக்கு அது பொருந்தும். சேற்றில் இறங்கி வரம்பு கட்டுபவருக்குப் பாதணி முதல் எட்டிலேயே சேற்றோடு நின்றுவிடும். கால் மட்டும் மேலே வரும். மேசையிலிருந்து எழுதப்பட்ட அறிவுரை இது என்று கமக்காரர் சிரித்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் அந்த ஒரு வரிக்காக முழுத் தாளையும் ஒதுக்கிவிடுதல் தகாது. வேலைக்கு முன் காயத்தை நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடலாம். வேலை முடிந்ததும் கால்கைகளைச் சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவலாம். பெரிய புண் உள்ளவர் அது ஆறும்வரை சேற்றில் இறங்காதிருக்கலாம். இவை பணமும் பாதணியும் வேண்டாத காரியங்கள்.

நீரைப் பற்றி ஒரு சொல். வயலில் வேலை செய்வோர் நண்பகலில் வாய்க்கால் நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வதும் வாய் கொப்பளிப்பதும் வழக்கம். முஸ்லிம் கமக்காரர் லுஹர்த் தொழுகைக்காக வாடியோரத்திலேயே வுழூ எடுப்பர். அதில் வாய் கொப்பளித்தலும் மூக்கிற்கு நீர் செலுத்துதலும் உண்டு. மேலே சொன்ன மெல்லிய தோலை நேரே சென்றடையும் நீர் அது. வீட்டுக் கிணற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ ஒரு கலனில் நீர் கொண்டுசென்றால், குடிப்பதற்கும் முகங்கழுவுவதற்கும் வுழூவுக்கும் அதனையே பயன்படுத்தலாம். உழவு இயந்திரத்தில் எரிபொருட் கலனுக்கு இடமுண்டாயின் நீர்க் கலனுக்கும் இடமுண்டு.

அடுத்தது, ‘நோய்த்தடுப்புச் சிகிச்சை’ என்னும் மாத்திரை. டொக்சிசைக்கிளின் என்பது அதன் பெயர். 100 மில்லிகிராம் கொண்ட மாத்திரைகள் இரண்டை, வாரத்தில் ஒரே நாளில், உணவு உண்டபின் நிறைய நீருடன் விழுங்க வேண்டும். விழுங்கிய உடனே படுத்தலாகாது. தொண்டைக் குழலில் தங்கிப் புண்ணாக்கும். பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிவுக்கான மருந்து ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடலிற் சேர்வது குறையும். எருமைத் தயிருக்குப் பேர்போன பிரதேசமாகையால் இதனைக் குறிப்பாகச் சொல்லவேண்டியுள்ளது. வயலில் இறங்குமுன்னரே தொடங்கி, ஈர வேலை நடக்கும் காலம் முழுவதும் வாரந்தோறும் தவறாது எடுத்தல் வேண்டும். கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவர்களும் வைத்தியர் சொல்லாமல் இதனை எடுத்தலாகாது. அயலவருக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியைப் பங்கு கேட்டு வாங்குவதும் தவிர்க்கத்தக்கது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒவ்வொருவரிடமும் விசாரித்துக் கொடுப்பதன் காரணம் இதுவே.

இம்மாத்திரை உண்மையாகப் பயன்தருமா என்று கேட்பது நியாயமான கேள்வி. பனாமாவின் காடுகளிற் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர் 940 பேரிடம் இது சோதிக்கப்பட்டு, 1984ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மருந்தற்ற வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது. மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கே வந்தது. ஆனால் அந்த வீரர்கள் காட்டில் இருந்தது சில வாரங்களே. நோய் வழக்கமாகவே பரவும் அந்தமான் தீவுகளில் நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. அங்கே மாத்திரை எடுத்தோரில் நோயுற்றவர் வீதம் எடுக்காதோரில் ஏறக்குறையப் பாதியே. கிருமி தொற்றுவதோ நின்றுவிடவில்லை. ஆதலால் மாத்திரையை ஒரு குடையென்று கொள்ளலாம், கூரையென்று கொள்ளலாகாது. மாத்திரை எடுத்தவருக்குக் காய்ச்சல் வந்தால், ‘எனக்கு எலிக்காய்ச்சல் வராது’ என்று அவர் வீட்டிலிருப்பது பேராபத்தாகும்.

இனி, உயிரைக் காக்கும் பகுதிக்கு வரலாம். அறிவித்தலில் இது பெரும்பாலும் கடைசியில், மிகச் சிறிய எழுத்தில் நிற்பது.

ஒரு கமக்காரர் திங்கட்கிழமை சேற்றில் வேலை செய்தார் என்று வைத்துக்கொள்வோம். நோய் மறுநாளே தோன்றாது. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுள்ளும், சிலருக்கு ஒரு மாதம் வரையிலும் கழித்து வெளிப்படும். அதற்குள் விதைப்பு முடிந்து அவர் வயலை மறந்திருப்பார். திடீரென்று குளிர்ந்து காய்கிறது; தலை பிளக்கிறது; கெண்டைக்காலைத் தொடமுடியாத நோவு. கண்கள் சிவக்கின்றன, பீளை தள்ளுவதில்லை. வேலை செய்த அலுப்பு என்று பனடோல் இரண்டை விழுங்கிப் படுக்கிறார். இரண்டாம் நாளும் அவ்வாறே. மனைவி வைத்தியசாலைக்கு அழைக்கிறாள். நாளைக்குப் பார்ப்போம் என்கிறார். மூன்றாம், நான்காம் நாளில் காய்ச்சல் சிறிது தணிவதுபோலிருக்கும். சிலருக்கு அது உண்மையான குணம். வேறு சிலருக்கோ அந்த வேளையிலேயே சிறுநீரகமும் ஈரலும் தாக்கப்படுகின்றன. சிறுநீர் குறைந்து தேநீர் நிறமாகிறது, கண் மஞ்சளாகிறது, மூச்சு வாங்குகிறது.

‘சிறுநீர் வெளியேற்றம் குறைதல்’ என்று அறிவித்தலில் வரும் நான்கு வார்த்தைக்குக்கூட நீளாத அச்சொற்றொடரின் பொருள், சிறுநீரகம் வேலை நிறுத்துகிறது என்பதாகும். அப்பொழுது இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் உள்ள பெரிய வைத்தியசாலையைத் தேடவேண்டி வரும். முதல் நாட்களிலேயே வந்திருந்தால் பெனிசிலின் போன்ற பழகிய மருந்துகளே பெரும்பாலும் போதியனவாக இருந்திருக்கும்.

வைத்தியசாலைக்குச் சென்றால் மட்டும் போதாது என்பது இங்கு அறியத்தக்கது. மாரிகாலத்தில் வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சலோடு நூறுபேர் வரிசையில் நிற்பர். டெங்குக் காய்ச்சலும் சாதாரணத் தடிமற் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் முதல் இரண்டு நாட்களில் ஒன்றுபோலவே தோன்றும். இரத்தப் பரிசோதனை உடனே காட்டிக்கொடுக்குமென்றும் சொல்வதற்கில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள் இரத்தத்தில் தென்பட ஒரு வாரமளவு செல்லும். வைத்தியருக்கு அந்நேரத்தில் கிடைக்கக்கூடிய சிறந்த சான்று நோயாளியின் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியமே: ‘டொக்டர், பத்து நாளுக்கு முன்னம் வயலுக்குள்ள இறங்கி வேலை செய்தன்.’ வைத்தியர் கேட்காவிட்டாலும் இதனைச் சொல்லவேண்டும். நோயாளி பேச இயலாதிருந்தால் உடன் சென்றவர் சொல்லவேண்டும். வயலுக்குச் செல்லாது வாய்க்காலில் குளித்தவரும், மாட்டுப்பட்டியைத் துப்புரவு செய்தவரும், வெள்ளநீரில் நடந்தவரும் அதனை அவ்வாறே சொல்லவேண்டும். 2024 மார்கழியில், வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் சில நாட்களுக்குள் பலர் காய்ச்சலால் மாண்டபோது, அது இன்ன நோயென்று முதலில் துணியப்படவில்லை. பின்னரே எலிக்காய்ச்சலென்று தெரியவந்தது.

பனடோல் என்று வழங்கும் பரசிற்றமோலை அளவோடு எடுப்பதில் தீங்கில்லை. அதற்கு மேலாக மூட்டுநோவுக்கு வாங்கிவைத்த வேறு வலிநிவாரணிகளை விழுங்குவது கூடாது. சிறுநீரகம் ஏற்கெனவே தாக்கப்பட்டிருக்கும் வேளையில் அவை அதனை மேலும் கெடுக்கும். காய்ச்சல் டெங்காக இருந்தால் இரத்தப்போக்கையும் தூண்டும். கண் மஞ்சளானதும் செங்கமாரி என்று எண்ணிக் கீழாநெல்லிச் சாறு பருகி ஒருவாரம் காத்திருப்பது மற்றொரு வழக்கம். கீழாநெல்லியின் குணத்தை ஆராய்வதற்கு இது இடமன்று. காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்து கண்ட கமக்காரருக்கு அந்த ஒரு வாரம் இல்லை என்பதே இங்கு வேண்டப்படுவது.

எஞ்சியது ஓர் அச்சத்தைப் பற்றியது. எலிக்காய்ச்சல் என்ற ஐயம் தோன்றியதுமே வைத்தியர் அதனைப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் சட்டப்படியான கடமை. 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் அதற்கு அடிப்படை. அறிவித்தல் கிடைத்ததும் பரிசோதகர் நோயாளியின் வீட்டுக்கு வருவார். அவர் வரும்போது குற்றம் பிடிக்க வந்தார் என்றெண்ணி, ‘வயலுக்குப் போகவில்லை’ என்று சொல்லிவிடுவோர் உண்டு. அவர் குறித்துக்கொள்ள விரும்புவது எந்த வட்டையில், எந்த நாட்களில், யார் யாரோடு வேலை செய்யப்பட்டது என்பதையே. ஒரே கண்டத்தில் இறங்கிய மற்றைய நால்வரை அவர் தேடிச் செல்வது அவ்விவரம் கிடைத்தால்தான். அந்நால்வரில் ஒருவர் அப்பொழுது வீட்டில் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு படுத்திருக்கவும் கூடும்.

இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பெரும்பாலும் தொற்றுவதில்லை. ஆகையால் நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. பிள்ளைகள் அருகில் இருக்கலாம்.

போகம் தொடங்குமுன் கமக்காரர் அமைப்புக்கள் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் தீர்மானிக்கப்படுவது வழக்கம். மாத்திரை கொடுக்கும் நாளையும் அன்றே குறித்துக்கொள்ளலாம். மாத்திரைக்குப் பணம் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும், பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் அதனைப் பெறலாம். காணி உரியவர் தமக்கு மட்டும் வாங்கிக்கொள்ளாமல், கூலிக்கு வருவோரின் பெயர்களையும் பட்டியலிற் சேர்த்துக் கொடுக்கவேண்டும். சேற்றில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்களே.