ஒரு பையனை அறிய ஓராண்டு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. 14 வயதில் அதன் வாசலை மிதிக்கும் கத்தோலிக்கப் பையன்களில் பலர், எட்டாம் வகுப்புவரை தங்கள் பங்குக் கோயிலை ஒட்டிய சிறு பள்ளியில் படித்தவர்கள். ஒவ்வொரு பங்கிலும் ஒரு பள்ளி எழ வேண்டும் என்று 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் ஆணையிட்டதால் பெருகிய பள்ளிகள் அவை. அங்கே எல்லோருக்கும் தெரிந்த முதல் மாணவனாக இருந்தவன், உயர்நிலைப் பள்ளியின் முதல் வாரத்தில் தன்னைப் போன்ற முதல் மாணவர்கள் நடுவே உட்காருகிறான். அவன் பெயரைக்கூட யாரும் அறியார். இன்று ஆசிரியர் பட்டம் பெற்று இந்த மேடையிலிருந்து இறங்குவோருக்கு அந்த ஆண்டைப் பற்றித் தெரிந்திருப்பது பயன்படும். எந்த ஊரானாலும் ஒன்பதாம் வகுப்பில் வந்து அமர்வது அதே வயதுப் பையன்தான்.

நியூயார்க்கின் ரீஜிஸ் உயர்நிலைப் பள்ளி இதற்கு நல்ல உதாரணம். மன்ஹாட்டன் 84ஆம் தெருவில் 1914இல் கத்தோலிக்கத் துறவற அமைப்பான சேசு சபையார் தொடங்கிய ஆண்கள் பள்ளி அது. கல்விக் கட்டணம் கிடையாது. நகரின் முன்னாள் மேயர் ஹியூ கிராண்டின் மனைவி ஜூலியா கிராண்ட் கொடுத்த கொடையில் எழுந்த பள்ளி. கொடுத்தவர் யார் என்பது நெடுங்காலம் வெளியே சொல்லப்படவில்லை. தேர்வு எழுதி இடம் பெறும் பையன்கள் நகரின் மூலை முடுக்குகளிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். 1958இல் அங்கே படிப்பை முடித்த மருத்துவர் ஆண்டனி ஃபவுச்சி, புரூக்ளினிலிருந்து நாள்தோறும் சுரங்க ரயிலில் வந்துபோனவர். தெருவுக்குள் நடந்து போய்ப் படித்த பையன் தனியே ரயில் மாறிப் பழகுவதும் முதல் ஆண்டுப் படிப்பில் ஒரு பகுதியே. அதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் அது சிறியதாகிவிடாது.

வகுப்பறைக்குள் நடப்பதன் வேர் 1599இல் இருக்கிறது. 1548இல் சிசிலியின் மெசினாவில் சேசு சபை தன் முதல் பள்ளியைத் திறந்து அரை நூற்றாண்டு கழித்து, தன் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான கல்வி ஒழுங்கை அந்த ஆண்டில் வெளியிட்டது. கீழ் வகுப்புகள் ஐந்து: லத்தீன் இலக்கணத்துக்கு மூன்று, இலக்கியத்துக்கு ஒன்று, சொற்பொழிவுக்கு ஒன்று. மறுநாள் படிக்கவேண்டிய பகுதியை ஆசிரியர் முன்னதாகவே வாசித்து விளக்கிவிடுவார். வீட்டில் மாணவன் இருட்டில் தடவ வேண்டியதில்லை. வாரம் முழுதும் படித்ததைச் சனிக்கிழமை மறுபடி சொல்லிப் பார்ப்பார்கள். ஆசிரியரும் மாணவர்களோடு சேர்ந்து மேல் வகுப்புக்கு ஏறிச் செல்வது நல்லது என்றும் அந்த ஒழுங்கு கருதியது. நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வியக்கவைப்பது இந்தக் கடைசிப் பகுதிதான். பாடத்தை அறிந்தவர் எங்கும் கிடைப்பார். பையனை அறிந்தவர் ஓராண்டில் கைமாறிப் போகக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. இதே கல்வி மரபுதான் 1844இல் நாகப்பட்டினத்தில் புனித வளனார் கல்லூரியாக வேரூன்றி, 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது.

இன்று லத்தீன் பல பள்ளிகளில் விருப்பப் பாடமாகச் சுருங்கிவிட்டது. பழக்கங்கள் மட்டும் நிற்கின்றன. தமிழ்ப் பிள்ளைகள் பிள்ளையார் சுழி போடும் இடத்தில், சேசு சபைப் பள்ளி மாணவன் 'ஏ.எம்.டி.ஜி.' என்று எழுதித் தாளைத் தொடங்குகிறான். இறைவனின் மேலான மகிமைக்காக என்பது அதன் பொருள். நாளின் நடுவிலோ முடிவிலோ சில நிமிடம் மௌனமாக அமர்ந்து, நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையையும் கற்கிறான். தாமதம், கழுத்துப்பட்டி இல்லாமை, வீட்டுப்பாடம் செய்யாமை ஆகியவற்றுக்குத் தண்டனை உண்டு. பள்ளி முடிந்தபின் நிறுத்திவைக்கும் அந்தத் தண்டனையைச் சேசு சபைப் பள்ளிகளில் 'ஜக்' என்கிறார்கள். முதல் ஆண்டு மாணவன் அதற்கு அஞ்சுகிறான். இரண்டாம் ஆண்டில் அதைக் கதையாகச் சொல்கிறான்.

பையன்கள் மட்டுமே இருக்கும் இடத்துக்குத் தனியான ஆபத்து ஒன்று உண்டு. உடல் வளர்ச்சி ஒருவனுக்கு முன்னும் ஒருவனுக்குப் பின்னும் வரும் வயது அது. விளையாட்டில் பின்தங்கியவன், குரல் உடையாதவன், கூச்சப்படுபவன் கேலிக்கு இலக்காகிறான். அழக் கூடாது என்ற எழுதாத சட்டம் அவனை மேலும் ஒடுக்குகிறது. இதனால்தான் பல பள்ளிகள் முதல் சில மாதங்களுக்குள் புதிய மாணவர்களை ஒரு நாள் தியானத்துக்கு அழைத்துச் செல்கின்றன. மேல் வகுப்பு அண்ணன் ஒருவனைத் துணையாகச் சேர்க்கும் ஏற்பாடும் உண்டு. தன் முதல் ஆண்டின் பயத்தை அந்த அண்ணன் வாய்விட்டுச் சொல்லும்போது இளையவனுக்குக் கிடைக்கும் ஆறுதலை எந்த ஆசிரியராலும் தர முடியாது.

பையனைத் தனித்தனியே அறிவது என்ற இந்தக் கொள்கை நம்பிக்கையின் மேல் நிற்கிறது. சில குருக்கள் சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கி அந்த நம்பிக்கையைக் கொடுமையாக மீறியதையும், மேலிடம் அதை மறைத்ததையும் 2002இல் பாஸ்டனில் வெளிவந்த செய்திகள் உலகறியச் செய்தன. அதே ஆண்டு ஜூனில் டல்லாஸில் கூடிய அமெரிக்க ஆயர்கள் குழந்தைகள், இளையோர் பாதுகாப்புக்கான சாசனத்தை ஏற்றார்கள். பிள்ளைகளோடு பழகும் பணியாளரின் பின்னணியை விசாரிப்பதும், பாதுகாப்புப் பயிற்சி தருவதும் கட்டாயமாயின. மாணவனோடு தனியே பேச நேர்ந்தால் கதவு திறந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து பார்வை படவேண்டும் என்பன போன்ற நடைமுறைகள் பள்ளிகளில் நிலைபெற்றன. அன்புள்ள ஆசிரியருக்கு இவை தடையல்ல. அந்த அன்பைப் பெற்றோர் ஐயமின்றி ஏற்க வழி செய்பவை இவையே.

பள்ளியின் முதல் ஆண்டு ஜூனில் முடிகிறது. பையன் எதை நோக்கி வளர வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. 1980இல் அமெரிக்கச் சேசு சபை உயர்நிலைப் பள்ளிகளின் சங்கம், படிப்பை முடித்துச் செல்லும் மாணவனிடம் இருக்கவேண்டிய பண்புகள் ஐந்தை வகுத்தது. வளர்ச்சிக்கு இடம் கொடுக்கும் மனம், அறிவுத் திறன், சமய உணர்வு, அன்பு, நீதிக்கான ஈடுபாடு என்பவை அவை. முதல் ஆண்டில் எதிர்பார்க்கப்படுவது பெரும்பாலும் முதலாவது மட்டுமே. பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்று சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே 1973இல் வாலென்சியாவில் முன்னாள் மாணவர்களிடம் அறிவித்ததிலிருந்து, சேவை இப்பள்ளிகளில் பாடத்திட்டத்தின் பகுதியாகியிருக்கிறது. முதியோர் இல்லத்திலும் மருத்துவமனையிலும் வாரக்கணக்கில் பணியாற்றும் பொறுப்பு மேல் வகுப்பினருக்கு உரியது. ஒன்பதாம் வகுப்புக்கு விடப்படுவது உணவுப் பொருள் திரட்டுவது, பொட்டலம் கட்டுவது போன்ற வேலைகள்.