எந்த நீதிபதியிடம் போகிறது?

(கோலா கங்சாரில் நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வழக்கென்று வரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் சட்டத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "ஐயா, கேஸ் எந்த ஜட்ஜ்கிட்ட போகுது?" என்றுதான் கேட்பார்கள். சிரிக்காதீர்கள். நாட்டின் தலைமை நீதிபதி பதவியின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பொதுச்சட்ட முறையில் தலைமை நீதிபதி மற்ற நீதிபதிகளுக்கு முதலாளி அல்லர். தீர்ப்பில் அவருக்கும் ஒரே ஓட்டுதான். ஆனால் ஒரு வழக்கை எத்தனை பேர், யார் யார் விசாரிப்பது என்று முடிவு செய்வது அவர் கையில் இருக்கிறது. அந்தக் கையை மடக்கிவிட்டால் போதும், மற்றவர்களைத் தொடவே வேண்டாம்.

1988-இல் நடந்ததைப் பாருங்கள். அன்று அந்தப் பதவிக்கு லார்ட் பிரசிடென்ட் என்று பெயர். (அதே பதவியில் 1982 முதல் 1984 வரை இருந்த ராஜா அஸ்லான் ஷாதான் பிறகு பேராக் சுல்தானாக இந்த அரச நகரில் வீற்றிருந்தவர்.) துன் சாலே அபாஸ், அம்னோ மேல்முறையீட்டை ஒன்பது நீதிபதிகள் விசாரிப்பார்கள் என்று ஜூன் மாதத்துக்குத் தேதி குறித்தார். மே மாதமே அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரித்த நடுவர் மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர், அவர் போனால் அந்த நாற்காலிக்கு வரவேண்டியவர்! ஒன்பது பேர் ஐந்து பேரானார்கள். ஆகஸ்டில் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார், மேல்முறையீடும் தள்ளுபடியானது.

அது பெரிய இடத்துச் சண்டை, தோட்டப்புறத்து ஆளுக்கு என்ன என்று நினைப்பீர்கள். அதே ஆண்டில்தான் அரசியலமைப்பின் 121-ஆவது விதி திருத்தப்பட்டு, ஷரியா நீதிமன்ற விவகாரங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற 1A பிரிவு நுழைந்தது. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து ஈப்போவில் ஒரு தாய் அந்தச் சுவரில் மோதினார். இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளையும் 2009-இல் கணவர் தன்னிச்சையாக மதம் மாற்றினார். பதினொரு மாதக் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றார். 2013-இல் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வென்றார், 2015-இல் மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார். 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்த மதமாற்றம் செல்லாது என்றனர். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜைனுன் அலி, ஒரு முஸ்லிம் பெண்மணி. இதை நம் ஆட்களுக்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு. தீர்ப்புக்குப் பின்னும் ஆண்டுகள் ஓடின, மகள் தாயிடம் வந்து சேரவில்லை. பிடித்துக் கொடுக்க வேண்டிய வேலை போலீசுடையது.

2018-இல் தலைமை நீதிபதியான ரிச்சர்ட் மலஞ்சும், யார் எந்த வழக்கில் அமர்வது என்பதைக் கணினிக் குலுக்கலுக்கு விட்டார். தன் அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொண்டவர் என்று அவரை நான் மதிக்கிறேன். 2025 ஜூலையில் தெங்கு மைமுன் ஓய்வு பெற்றபோது அடுத்தவர் பெயர் உடனே வரவில்லை. வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டோடு புத்ராஜெயாவில் நடந்தார்கள். அந்த மாதக் கடைசியில்தான் வான் அகமட் ஃபரிட் பதவியேற்றார்.

அடுத்த முறை அந்த நாற்காலி காலியாகும்போது, வருகிறவர் எந்த இனம் என்று கேட்காதீர்கள். எந்த வழக்கை யாரிடம் கொடுப்பார் என்று கேளுங்கள்.

பிள்ளைகளின் மதமாற்றப் பத்திரத்தில் சிக்கல் உள்ளவர்கள் பிறப்புச் சான்றிதழோடு கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.