முதியோர் பராமரிப்புப் பணி



நம் மஹல்லாப் பிள்ளைகள் சிலர் முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்து, புதிதாகப் பணியில் சேர்ந்துள்ளனர். "மலஜலம் எடுக்கும் வேலையா?" என உறவினர்கள் முகம் சுளிக்கின்றனர். அகழ்ப்போரில் (ஹிஜ்ரி 5) காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். அக்கூடாரம் எங்கிருந்தது? மஸ்ஜிதுந் நபவியில்!

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் புரட்டிவிட வேண்டும்; இல்லையேல் முதுகிலும் இடுப்பிலும் புண் வைத்துவிடும். உடல் துடைக்கும்போதும் அவ்ரத் மறைந்திருக்க வேண்டும். தொடுமுன் சொல்லிவிட்டே தொட வேண்டும். பயிற்சியில் இவற்றைக் கற்கின்றனர். (பெற்ற பிள்ளைகளான நமக்கு இவற்றில் எத்தனை தெரியும்?)

பணியில் சேர்ந்த பிள்ளைகளே! அவ்வீட்டில் காண்பதும் கேட்பதும் அமானிதம், வெளியே பேசாதீர்கள். பணியமர்த்திய குடும்பத்தாரே! ஊதியத்தை இழுத்தடிக்காதீர்கள், இரவெல்லாம் கண்விழித்தவருக்குப் பகலில் உறங்க இடமும் நேரமும் கொடுங்கள்.