மாத்திரையை விடும் முறை



சித்தூர்ச் சாலையும் திருப்பதிச் சாலையும் பிரியும் ஊர் புத்தலப்பட்டு. சித்தூரைத் தாண்டினால் வேலூர். ஆதலால் இப்பகுதியில் வாழும் நம்மவர் வேலூர் சென்று வைத்தியம் பார்த்துக்கொண்டு, ஆந்திர நாட்டிலுள்ள தம் இல்லத்திற்குத் திரும்புதல் இயல்பு. ஐதராபாத்திலும் பெங்களூரிலும் மும்பையிலும் இருப்போரோ விடுமுறையில் ஊருக்கு வரும்போது மருந்துச் சீட்டு வாங்கிச் செல்வர். சீட்டு ஓர் ஊரில், வாழ்க்கை மற்றோர் ஊரில். இந்நிலையில் உள்ளவர் மனக்கலக்கத்திற்கு மாத்திரை உண்பவராயின், அவர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நெடுநாள் உண்ட மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது என்பதே அது.

டயசிபாம், அல்பிரசோலாம், லோராசிபாம், குளோனசிபாம் ஆகியவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை. லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் இரசாயன அறிஞர் கண்ட இவ்வினத்தின் முதல் மருந்து 1960இலும், டயசிபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. மூளையைச் சாந்தப்படுத்தும் 'காபா' என்ற பொருளின் வேலையை இவை மிகுவிக்கின்றன. சில வாரங்கள் தொடர்ந்து உண்டால் மூளை அத்துணைக்குப் பழகிவிடுகிறது. பின்னர் மாத்திரையைச் சட்டென்று விடுவது, மலைச்சரிவில் நிற்கும் வண்டியின் முட்டுக்கட்டையை உருவுவது போன்றதாகும்.

அப்போது உறக்கம் கெடும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்வை பெருகும். சிறிய ஓசையும் வெளிச்சமும் தாங்கமுடியாமற் போகும். சிலருக்கு வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இவற்றைக் கண்டு, பழைய நோயே திரும்பிவிட்டது என்று நோயாளி அஞ்சுகிறார். மன உறுதி போதாது என்று வீட்டார் கடிந்துகொள்கின்றனர். இரண்டும் பிழையாக இருக்கலாம்.

இது மன உறுதியைப் பற்றியதன்று என்பதற்குச் சான்று தெலங்கானாவில் கிடைத்தது. 2015ஆம் ஆண்டு நிஜாமாபாத் முதலிய இடங்களில் கலப்படக் கள்ளை அதிகாரிகள் தடுத்தனர். அல்பிரசோலாம், டயசிபாம் போன்றவற்றைக் கள்ளில் கலக்கும் வழக்கம் அங்கு இருந்தது. கள் நின்றதும், குடித்துப் பழகிய எளிய மக்கள் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் கொண்டு மருத்துவமனைகளை நாடினர். தாம் உட்கொண்டது இன்ன மருந்து என்று அறியாதவருக்கும் இத்துன்பம் வந்தது. உடல் பழகிய கணக்கை உடலே கேட்கிறது, அவ்வளவே.

ஆயின் விடும் வழி யாது? படிப்படியாகக் குறைத்தலே. 2025இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சில கூடி வெளியிட்ட நெறிமுறை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அளவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்துத் தொடங்குமாறு கூறுகிறது. பத்து மில்லிகிராம் உண்பவர்க்கு முதற்படி அரை மில்லிகிராம், அல்லது ஒரு மில்லிகிராம், அதற்கு மேலன்று. இங்கிலாந்தில் 1982 முதல் 1994 வரை இதற்கெனவே ஒரு மருத்துவ நிலையம் நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன், வேகத்தை நோயாளியின் நிலையை ஒட்டியே அமைக்கவேண்டும் என்று வலியுறுத்தினார். துன்பம் மிகுந்தால் அப்படியிலேயே சில வாரம் தங்கலாம். மாதங்கள் பல ஆகலாம். ஓராண்டைக் கடப்பினும் தோல்வியன்று. எனினும் இக்கணக்கை வைத்தியரே வகுக்கவேண்டும். வலிப்பு நோய்க்காக இம்மருந்தை உண்பவர்க்கு முறை முற்றிலும் வேறு.

குறைக்கும் நாட்களில் கடைப்பிடிக்கத்தக்கவை சில. மதுவை அறவே நீக்குக. இம்மருந்தும் மதுவும் சேர்ந்தால் மூச்சு தளரும். மாலைக்குப் பின் காப்பியும் தேநீரும் வேண்டா. குறித்த நேரத்தில் படுக்கைக்குச் செல்க. நாள்தோறும் நடந்து வருக. உண்ட அளவையும் உற்ற துன்பத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. துன்பம் அலைபோல் எழுந்து அடங்குவதை அவ்வேடே காட்டும். உடனிருப்பவர் ஒருவரிடம் செய்தியைச் சொல்லி வைத்திடுக. வலிப்போ மனக்குழப்பமோ தோன்றினால், காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

வெளி மாநிலத்தார் கருதவேண்டியது மற்றொன்று. இம்மருந்துகளுள் அல்பிரசோலாம், டயசிபாம் ஆகியவை எச்1 அட்டவணையில் அடங்கியவை. சீட்டின்றி விற்றல் கூடாது. விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதவேண்டும். ஆதலின் மாத்திரை தீர்ந்த பின் கடைகடையாய் அலைவதைவிட, ஊரை விட்டுப் புறப்படுமுன்னரே மருந்தின் பெயரும் அளவும் குறைக்கும் முறையும் எழுதிய கடிதமொன்றை வைத்தியரிடம் பெற்றுக்கொள்வது நன்று. அதனைக் காட்டினால் புதிய ஊரின் வைத்தியர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மொழி தெரியாத ஊரில் மனம் கலங்கினால், இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 உண்டு. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்து, புதிய ஊரையும் புதிய மொழியையும் நாம் ஒரே நாளில் பழகிக்கொள்ளவில்லை. சிறிது சிறிதாகவே பழகினோம். மாத்திரையின்றி வாழவும் அவ்வாறே பழகவேண்டும். விரைவு வேண்டா, தனிமையும் வேண்டா.