பதினாறாம் நாளுக்குப் பிறகு



பேரிடர் ஒரு நாட்டை ஒன்றுசேர்க்குமா, பிரிக்குமா என்பது இன்றைய கேள்வி. நம் வீடுகளில் நடப்பதிலேயே இதற்கு விடை இருக்கிறது. பத்து வருடம் பேசாத பங்காளிகள் இழவு வீட்டில் தோளோடு தோள் நின்று பாடை தூக்குவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும். அப்புறம் நிலப் பத்திரம் எங்கே என்று ஒருவர் கேட்பார். அங்கேதான் அந்தக் குடும்பத்தின் ஒற்றுமை சோதிக்கப்படுகிறது. நாடும் அப்படித்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பினாங்கில் இருக்கும் நமக்கு அந்த நாளை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. பத்து பெரிங்கி முதல் பாலிக் புலாவ் கரை வரை கடல் ஏறி வந்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் நம் மாநிலத்தில் மாண்டவர்கள். அதே ஆழிப்பேரலை சுமத்திராவின் ஆச்சேயையும் இலங்கையையும் பல மடங்கு கொடுமையாகத் தாக்கியது. அப்போது ஆச்சேயில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. இலங்கையில் 2002 பிப்ரவரியில் செய்த போர்நிறுத்தம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அலை ஒன்றுதான். ஆச்சே சமாதானத்துக்குப் போனது, இலங்கை மறுபடியும் போருக்குப் போனது. ஏன்?

முதலில் இலங்கையைப் பார்ப்போம். 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தெற்கே காலி, மாத்தறையில் சிங்களவர். கிழக்கே அம்பாறையில் முஸ்லிம்கள். முல்லைத்தீவு, மட்டக்களப்பில் தமிழர். பெரலிய என்ற ஊரில் ஒரே ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அலை யாருடைய அடையாள அட்டையையும் கேட்கவில்லை. முதல் சில நாட்கள் மனிதர்களும் கேட்கவில்லை. சோற்றுப் பொட்டலம் இனம் பார்க்காமல் கைமாறியது. இனி இந்த நாட்டில் போர் வராது என்று பலர் நம்பினார்கள்.

பிறகு நிவாரணப் பணம் வந்தது. அதை யார் பிரிப்பது என்ற பேச்சும் வந்தது. கடலோரத்தில் வீடு கட்டக்கூடாத எல்லையைத் தெற்கில் 100 மீட்டர் என்றும் வடகிழக்கில் 200 மீட்டர் என்றும் அரசு அறிவித்தது. அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால் குடிசையையும் வலையையும் இழந்து முகாமில் உட்கார்ந்திருந்த கிழக்குக் கரை மீனவனின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

நிவாரணத்தைச் சேர்ந்து நடத்த அரசும் விடுதலைப் புலிகளும் ஓர் ஒப்பந்தம் செய்ய ஆறு மாதம் ஆயிற்று. 2005 ஜூன் 24 அன்று கையெழுத்தானது. வடகிழக்கின் 6 மாவட்டங்களுக்கான குழுவில் புலிகள் தரப்பில் 5 பேர், முஸ்லிம்கள் 3 பேர், அரசுத் தரப்பில் 2 பேர். வீடு, சாலை, குடிநீர் பற்றிய ஏற்பாடுதான் அது. ஆனால் கையெழுத்தாகும் முன்பே ஜே.வி.பி. கட்சி அரசிலிருந்து வெளியேறிவிட்டது. கையெழுத்துப் போடும் இடத்தில் எங்களுக்கு நாற்காலி இல்லையே என்று முஸ்லிம்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒப்பந்தம் முளையிலேயே கருகியது.

ஆகஸ்ட் 12 அன்று வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு புலிகளைக் குற்றம் சாட்டியது; அவர்கள் மறுத்தார்கள். நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில் புலிகளின் புறக்கணிப்பால் வடக்கில் தமிழர் பெரும்பாலோர் வாக்களிக்கவில்லை. 2006இல் போர் மூண்டது. 2009 மே மாதம் அது முடிந்தபோது, அலைக்குத் தப்பிய எத்தனையோ பேர் குண்டுக்குத் தப்பவில்லை.

இப்போது ஆச்சேக்கு வருவோம். இந்தோனேசியாவில் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 1976 முதல் அங்கே தனிநாட்டுப் போராட்டம். அலை அடித்து எட்டு மாதம் ஆகுமுன், 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் இரு தரப்பும் சமாதானத்தில் கையெழுத்திட்டன. போராளிகள் தனிநாட்டுக் கோரிக்கையை விட்டார்கள். அரசு தன்னாட்சி தர ஒப்புக்கொண்டது. ஆயுத ஒப்படைப்பைக் கண்காணித்த குழுவில் மலேசியரும் இருந்தார்கள். மறுசீரமைப்புக்கென்று தனி நிறுவனம் ஒன்று அமைந்தது. அலை அடித்தபோது சிறையில் இருந்து தப்பிய போராளி இர்வண்டி யூசுப், 2006 டிசம்பர் தேர்தலில் ஆச்சேயின் ஆளுநரானார்.

"ஆச்சேயின் நிலைமை வேறு, இலங்கையின் நிலைமை வேறு" என்று எதிரணி நண்பர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆச்சேயில் அலைக்கு முன்பே பேச்சுக்கான தொடர்புகள் தொடங்கியிருந்தன. போராளிகள் இராணுவ ரீதியில் தளர்ந்திருந்தார்கள். இலங்கையிலோ புலிகள் கையில் தனி நிலப்பரப்பே இருந்தது. ஆனால் அதனால்தான் நான் அழுத்திச் சொல்கிறேன்: அலை எந்த நாட்டுக்கும் ஒற்றுமையைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. சில வார அவகாசத்தைத்தான் கொடுத்தது. அந்த அவகாசத்தில் ஒரு நாடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டது. இன்னொரு நாடு பங்குக்கு அடித்துக்கொண்டது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2017 நவம்பரில் பினாங்கை வெள்ளம் சூழ்ந்தபோது, ஜோர்ஜ்டவுனில் ஒரு சூராவ் முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தங்க இடம் கொடுத்த செய்தியைப் படித்து நெகிழ்ந்தோம். நெகிழ்ச்சி நல்லதுதான், ஆனால் தண்ணீர் வடிந்ததும் அதுவும் வடிந்துவிடும். அடுத்த வெள்ளம் வரும் முன்பே நிவாரணம் யாருக்கு, எவ்வளவு, யார் கணக்குப் பார்ப்பது என்பது எழுத்தில் இருக்கட்டும். அந்தப் பட்டியல் எல்லா மொழியிலும் சுவரில் ஒட்டப்படட்டும். அந்தக் குழுவில் எல்லாச் சமூகத்துக்கும் ஒரு நாற்காலி இருக்கட்டும். உதவிப் பொருள் கொடுக்கும் நம் ஆலயங்களும் சங்கங்களும்கூட வரிசையில் நிற்பவரின் பெயரைப் பார்த்து முகம் மாறாமல் இருக்கட்டும்.

பாடை தூக்கத் தோள் கொடுப்பவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சம் இல்லை. பதினாறாம் நாள் பத்திரத்தை நடுவில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருக்க நாம் தயாரா என்று உங்களைக் கேட்டு விடைபெறுகிறேன்.