கலிப்பகையார் வீழ்ந்த செய்தி வந்த வீடு

திருச்சிற்றம்பலம்.



அப்பர் பெருமானின் குருபூசை விழாவில் அவர்தம் வரலாற்றைப் பேசுமாறு விழாக் குழுவினர் அடியேனைப் பணித்துள்ளனர். சூலை நோய், நீற்றறை, கல்லைத் தெப்பமாகக் கொண்டு கரையேறியது ஆகிய யாவும் நீங்கள் பலகாலும் கேட்டு உருகியவை. ஆதலின், நாம் வழக்கமாக விரைந்து கடந்துவிடும் ஓரிடத்தில் இன்றிரவு சற்றே நிற்க விரும்புகின்றேன்.

அவ்விடத்தில் என்னை நிற்கச் செய்தவர் ஒரு மூதாட்டியார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் இவ்வரலாற்றைச் சொல்லி முடித்து மேடையை விட்டு இறங்கினேன். அவ்வம்மையார் அருகே வந்து, "ஐயா, கலிப்பகையார் போரில் இறந்தார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அப்பால் போய்விட்டீர்களே, அந்தச் செய்தி வந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்குமா?" என்று வினவினார். அவருடைய மைந்தன் எல்லையில் உயிர் கொடுத்தவன் என்பதைப் பிறகு அறிந்தேன். நாற்பது ஆண்டுகள் பெரிய புராணம் சொல்லி வந்த எனக்கு அக்கேள்விக்கு விடை சொல்ல நா எழவில்லை. அன்று சொல்லாத விடையை இன்று சொல்ல முயல்கின்றேன்.

திருவாமூரில் புகழனார், மாதினியார் என்னும் பெற்றோர்க்குத் திலகவதியார் திருமகளாராகவும், மருள்நீக்கியார் இளவலாகவும் தோன்றினர். அம்மையாரை மணம் பேசியவர் கலிப்பகையார் என்னும் படைத்தலைவர். பெரியோர் இசைந்தனர், மணநாள் மட்டுமே எஞ்சியது. அந்நிலையில் வடபுலத்துப் பகைவர்மேற் செல்லுமாறு அரசன் ஆணையிட, அவர் புறப்பட்டார்.

போர் நீண்டது. இங்கே புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்தார். களத்தில் நிற்பவர்க்கு வீட்டுத் துயரம் தெரியாது. வீட்டில் இருப்பவர்க்குக் களத்தின் நிலை தெரியாது. படைவீரன் குடும்பத்தின் வாழ்வு அன்றும் இன்றும் இதுவே அன்றோ?

பெற்றோரை இழந்து உடன்பிறந்தார் இருவரும் நின்ற அந்த வீட்டிற்குத்தான், கலிப்பகையார் களத்தில் வீழ்ந்தார் என்னும் செய்தி வந்து சேர்ந்தது. "எந்தையும் தாயும் என்னை அவர்க்கென்று இசைந்தனர், ஆதலின் இவ்வுயிர் அவர்க்கே உரியது" என்று துணிந்தார் அம்மையார். தம்பியார் அவர்தம் திருவடியில் வீழ்ந்து, தாமும் தம்மைத் தனியே விடின் முன்னரே உயிர் துறப்பதாகச் சொல்லிக் கதறினார். அவ்வழுகையின் பொருட்டு அம்மையார் உயிர் தாங்கினார்.

இங்கே ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். வீழ்ந்தவர்க்குச் செய்யும் நன்றி, அவரோடு மடிவதன்று. அவர் விட்டுச்சென்ற உலகில் ஓர் உயிரையேனும் காத்து நிற்பதாகும். அம்மையார் அன்று வாழத் துணிந்திராவிடின் நமக்குத் திருநாவுக்கரசர் இல்லை. அவர் தேவாரமும் இல்லை. நாம் நாள்தோறும் ஓதும் தமிழ், போர்க்களச் செய்தி வந்த ஒரு வீட்டில் காக்கப்பட்ட செல்வம் என்க.

பின்னர் அம்மையார் திருவதிகை வீரட்டானம் சென்று, அலகிட்டு, மெழுகிட்டு, நந்தவனம் வைத்துத் தொண்டு செய்தார். புறச்சமயம் சென்ற தம்பியார் சூலை நோயோடு இரவில் வந்து அடிவீழ்ந்தபோது, ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் அவரைத் திருக்கோயிலுள் அழைத்துச் சென்றார். நீறளித்த அக்கை யாருடைய கை? போரில் தலைவனை இழந்த பெண்ணின் கையன்றோ!

அன்பர்களே, கடுமையாகச் சொல்வதைப் பொறுத்தருள்க. இன்றும் நம் ஊர்களில், வீரனாகிய கணவனை நாட்டுக்குக் கொடுத்த பெண், திருவிழாவில் விளக்கேற்றும் நேரத்தில் தூணுக்குப் பின்னே ஒதுங்கி நிற்கக் காண்கின்றோம். ஒதுங்கச் சொல்லியது சிவபெருமானோ? சைவத்துக்கு அப்பரைத் தந்த கையை மங்கலமற்றது என்பார் எவர்? அவரைத் தூணுக்குப் பின் நிறுத்திவிட்டு, மேடையில் வீரனைப் புகழ்வது வெறும் ஆரவாரமே ஆகும்.

பண்டைத் தமிழர் களத்தில் வீழ்ந்தவனைப் பெயரற்றவனாக விட்டுவிடவில்லை. கல்லைத் தேர்வது தொடங்கி, நீராட்டி, நட்டு, படைத்து வாழ்த்துவது ஈறாக நடுகல்லுக்குரிய நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. செங்கம் பகுதியில் கிடைத்துள்ள நடுகற்கள், ஊர்ப் பசுநிரையைக் காக்க மாண்ட எளிய வீரர்களின் பெயரையும் நமக்குச் சொல்கின்றன.

இவை பழங்கதை அல்ல. 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் படாலிக் மலைமுகட்டில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சிராப்பள்ளியில் நினைவுச் சின்னம் உண்டு. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சினில் 19,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதையுண்டனர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். 2020ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் இரவு கல்வான் பள்ளத்தாக்கில் வீழ்ந்த இருபதின்மருள், இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு திருவாமூர் வீடு இருக்கின்றது.

இது போரைப் போற்றும் பேச்சன்று. போர் வேண்டாம் என்றே நாம் இறைவனிடம் இரக்கின்றோம். ஆயினும், நாம் அச்சமின்றித் தேர்வடம் பிடிக்கும் இவ்விரவில், பனியில் கண்ணுறங்காது ஒருவன் நிற்கின்றான் என்பதை மறத்தல் நன்றியாகாது.

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். அருச்சனையின்போது நும் மக்கள் பெயரோடு, படையில் பணிபுரியும் இவ்வூர்ப் பிள்ளைகளின் பெயரையும் சொல்லுங்கள். 1949ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7ஆம் நாளில் வரும் கொடிநாளில், வீழ்ந்தோர் குடும்ப நலத்துக்காகும் நிதிக்கு இயன்றதை ஈயுங்கள். நாளை மாலை இச்சந்நிதியில் முதல் விளக்கை, நாட்டுக்காக மகனையோ கணவனையோ கொடுத்த தாய் ஒருவர் ஏற்றுமாறு அழையுங்கள்.

கலிப்பகையார்க்கு எந்தக் களத்தில் எந்தக் கல் நட்டனர் என்பதை நாம் அறியோம். ஆயினும் திலகவதியார் ஏற்றிய விளக்கு இன்னும் எரிகின்றது. அந்த மூதாட்டியார்க்கு அடியேன் சொல்லும் விடை இதுவே: தாயே, அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிந்திராது, அதனை மீண்டும் எரியச் செய்யும் கடன் ஊரார்க்கு உரியது.

வீழ்ந்தோர் இறைவன் திருவடி நிழலில் அமைக! எல்லையில் நிற்போர் நலமே வீடு திரும்புக!

திருச்சிற்றம்பலம்.